வளைவில் நிறுத்திய வண்டி

திருப்பதி
15-12-2024

அன்புள்ள அக்காவுக்கு,

கோவர்த்தனன் எழுதுவது. இங்கே சுமித்ராவும் நானும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம். நீயும் மாமாவும் அப்படியே இருக்க வேண்டும். போனில் பேசியிருக்கலாம்தான். ஆனால் உங்கள் வீட்டில் போன் வந்தால் மாமா ஸ்பீக்கரில் போட்டுக் களத்துமேடு வரைக்கும் கேட்க வைப்பார். அதனால்தான் கடிதம்.

பதறாமல் படி. போன திங்கட்கிழமை விடியற்காலை, தரிசனம் முடித்துத் திரும்பும் மதனப்பள்ளிக்காரர்களை ஏற்றிக்கொண்டு பாக்கராபேட்டை மலையில் காட் ரோட்டில் போய்க்கொண்டிருந்தேன். ஒரு வளைவில் வேனை நிறுத்த வேண்டி வந்தது. பின்னால் தக்காளி அடுக்கும் காலி பிளாஸ்டிக் கிரேட் ஏற்றி வந்த லாரி மோதிவிட்டது. யார் உயிருக்கும் ஆபத்தில்லை. வேனில் இருந்த ஒரு அம்மாவுக்குக் கை எலும்பு முறிந்தது. தினமும் ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன். அவர் என்னைத் திட்டுவதே இல்லை, அதுதான் கஷ்டமாக இருக்கிறது.

காரணமில்லாமல், விளக்கை அணைத்துவிட்டு, வளைவில் நடுரோட்டில் வண்டியை நிறுத்தினேன் என்று போலீசில் எழுதிவிட்டார்கள். லைசென்ஸை வாங்கி ஆர்.டி.ஓ. ஆபீசுக்கு அனுப்பிவிட்டார்கள். அதை ஏன் பறிக்கக் கூடாது என்று கேட்டு நோட்டீஸ் வருமாம். வேன் முதலாளி ஹரிபாபு, "லைசென்ஸ் இருந்தா வா, இல்லன்னா வேற ஆளப் போட்டுக்கறேன்" என்று சொல்லிவிட்டார். ஸ்டியரிங்கைத் தவிர எனக்கு வேறு பிழைப்பு தெரியாது என்பது உனக்குத் தெரியும்.

கரும்பு எப்படி இருக்கிறது? கொஞ்ச நாளைக்கு மாமாவை ராத்திரிக் காவலுக்குத் தனியாகப் போக வேண்டாம் என்று சொல். பனி அதிகம்.

இருவருக்கும் என் வணக்கம்.

தம்பி,
கோவர்த்தனன்


மாமிடிகுண்டா, சித்தூர் மாவட்டம்
21-12-2024

அன்புத் தம்பி கோவர்த்தனுக்கு,

அம்சவேணி எழுதுவது. உனக்கு அடிபடவில்லை என்று எழுதியிருக்கிறாய், அந்த மட்டுக்கும் சாமி புண்ணியம். இங்கே நாங்கள் இரண்டு பேரும் உயிரோடு இருக்கிறோம். கரும்புதான் இல்லை.

பதின்மூன்றாம் தேதி ராத்திரி யானைக் கூட்டம் இறங்கிவிட்டது. விடிந்து போய்ப் பார்த்தால் வெட்டுக்கு நின்ற கரும்பில் பாதி தரையோடு தரையாகக் கிடக்கிறது. உன் மாமா வரப்பில் உட்கார்ந்தவர் மதியம் வரை எழுந்திருக்கவில்லை.

எங்களுக்கு யானை புதிதில்லை. ஆனால் இப்படி ஒரு தகவலும் இல்லாமல் வந்ததில்லை. காட் ரோட்டில் யானையைப் பார்த்த டிரைவர் யாராக இருந்தாலும், மலை இறங்கியதும் நாகபூஷணம் டீக்கடையில் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுத்தான் போவான். லாரிக்காரனோ, பஸ்காரனோ, எந்த ஊர்க்காரனோ, அது எழுதாத சட்டம். நாகபூஷணம் சுற்றியுள்ள ஊருக்கெல்லாம் போன் போடுவார். நாங்கள் பட்டாசும் தகர டப்பாவும் எடுத்துக்கொண்டு வயலுக்குப் போய்விடுவோம். இந்தத் தடவை ஒருவனும் சொல்லவில்லை என்று நாகபூஷணம் கற்பூரத்தை அணைத்துச் சத்தியம் செய்யத் தயாராக இருக்கிறார். உன் மாமா, "எவனோ பாத்துட்டு வாய மூடிக்கினு பூட்டான். அவன் மட்டும் கைல கெடச்சான்னா" என்று தினமும் தொடங்குகிறார். முடிப்பதில்லை.

அது இருக்கட்டும். நீ ஏன் வண்டியை நிறுத்தினாய்? எல்லாம் எழுதியிருக்கிறாய், அதை மட்டும் எழுதவில்லை. டயரா, வயிறா, தூக்கமா? தூங்கிவிட்டாய் என்றால் தூங்கிவிட்டேன் என்று ஒப்புக்கொள். காரணம் சொல்லாதவனுக்கு எந்த ஆபீசரும் லைசென்ஸைத் திருப்பிக் கொடுக்க மாட்டான்.

சுமித்ராவுக்கு என் அன்பு. வேளைக்குச் சாப்பிடு.

அக்கா,
அம்சவேணி


திருப்பதி
4-1-2025

அன்புள்ள அக்காவுக்கு,

நாங்கள் சுகமாக இருக்கிறோம். மாமா எப்படி இருக்கிறார்? சாப்பிடுகிறாரா? கரும்பைப் பற்றிப் படித்ததும் உன் கடிதத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்துவிட்டேன். எடுத்துப் பதில் எழுத இத்தனை நாளாகிவிட்டது.

நோட்டீஸ் வந்துவிட்டது. வஸுமதி என்று ஒரு வக்கீலம்மாவைப் பிடித்திருக்கிறேன். அவர்கள் வீட்டில் பரம்பரையாகக் கோயில் கைங்கரியம். இவர் மட்டும் கறுப்புக் கோட்டுப் போட்டுக்கொண்டார். "லைசென்ஸ் கொடுத்தவாளே ஆனாலும் சும்மா பிடுங்கிக்க முடியாது. உங்க பேச்சைக் கேட்டுட்டுத்தான் எதுவும் பண்ணணும்னு சட்டத்துலயே இருக்கு. ஆனா பேசறதுக்கு நீங்க வாயைத் திறக்கணுமே" என்கிறார். "என்கிட்டயே எதையோ மறைக்கறேள்" என்றும் சொன்னார். நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

வண்டி நின்றுபோனால் பின்னால் வருபவர்களுக்குத் தெரிய பச்சைக் கிளையைப் போட்டுவைப்பது டிரைவர்கள் வழக்கம். நானும் போட்டேன். நல்ல தழைத்த கிளை. போலீஸ் வந்து பார்த்தபோது ஒரு இலைகூட இல்லை. கிளை போட்டேன் என்று எழுதிக் கொடுத்ததையும் பொய் என்கிறார்கள். லாரி டிரைவர் சிரஞ்சீவியைக் கேட்டால் அவனும் தரையைப் பார்க்கிறான். அவன் முதலாளி பேசாதே என்று சொல்லியிருப்பார்.

ஒன்று கேட்கிறேன், தப்பாக எடுத்துக்கொள்ளாதே. தோட்டத்தில் இருந்த கால் தடமெல்லாம் பெரியதுதானா? சின்னத் தடம் ஏதாவது இருந்ததா?

மாமாவுக்கு என் வணக்கத்தைச் சொல். சொல்லாவிட்டாலும் பரவாயில்லை.

தம்பி,
கோவர்த்தனன்


மாமிடிகுண்டா
12-1-2025

அன்புத் தம்பிக்கு,

உங்கள் இருவருக்கும் பொங்கல் நல்லபடியாக அமையட்டும். எனக்கு மூட்டு வலி கொஞ்சம், மாமாவுக்குக் கோபம் நிறைய. மற்றபடி நலம்.

இதென்ன கேள்வி என்று நினைத்துக்கொண்டேதான் தோட்டத்துக்குப் போனேன். மேட்டில் இருந்த தடமெல்லாம் கலைந்துவிட்டது. வாய்க்கால் ஓரத்துச் சேறு மட்டும் அன்று மிதித்தபடியே காய்ந்து கிடக்கிறது. பெரிய தடம் ஒவ்வொன்றும் முறம் அகலம். அவற்றுக்கு நடுவில் சின்னது ஒன்று. சொம்பை வைத்து அழுத்தி எடுத்த அளவுதான்.

நான் அங்கேயே குந்திவிட்டேன் கோவர்த்தன். பெரியவை எல்லாம் வாய்க்காலை ஒரே எட்டில் தாண்டியிருக்கின்றன. சின்னது கரை வரை வந்து, நின்று, பக்கவாட்டில் போய், திரும்ப வந்து, ஒரு இடத்தில் சறுக்கி விழுந்திருக்கிறது. விழுந்த இடத்துக்குப் பின்னால் ஒரு பெரிய தடம் மற்றதைவிட ஆழமாகப் பதிந்திருக்கிறது. யாரோ அங்கே காலை ஊன்றி நின்று அதைத் தூக்கிவிட்டிருக்கிறார்கள். அந்தக் கரையில் சின்னத் தடம் மறுபடியும் நடக்கிறது. என் உள்ளங்கையை அதில் வைத்துப் பார்த்தேன், கச்சிதமாக அடங்கியது. கரும்பு போன ஆத்திரம் எனக்குக் கொஞ்ச நேரம் மறந்தே போனது. சொல்ல வெட்கமாக இருக்கிறது.

வீட்டுக்கு வந்து அரிசி களையும்போதுதான் யோசித்தேன். சின்னத் தடம் இருக்கும் என்று திருப்பதியில் உட்கார்ந்திருக்கிற உனக்கு எப்படித் தெரியும்?

சுமித்ராவைக் கேட்டதாகச் சொல்.

அக்கா,
அம்சவேணி


மாமிடிகுண்டா
30-1-2025

கோவர்த்தனுக்கு,

பொங்கலும் போய்விட்டது, உன் பதில் வரவில்லை. போன் போட்டால், "நல்லா இருக்கேன்க்கா" என்கிறாய். பக்கத்தில் ஸ்பீக்கரில் மாமா கேட்டுக்கொண்டிருக்கிறார், நான் என்ன பேச? சுமித்ரா, நீ ஹரிபாபு ஷெட்டில் மற்றவர்கள் வண்டியைக் கழுவிக்கொண்டிருப்பதாகச் சொல்லி அழுகிறாள்.

நீ நிறுத்தியது ஒன்பதாம் தேதி. யானை எங்கள் தோட்டத்தில் இறங்கியது பதின்மூன்றாம் தேதி. நான் பள்ளிக்கூடம் அதிகம் போகாதவள்தான், ஆனாலும் இவ்வளவு கணக்கு எனக்கு வரும். நீ பார்த்திருக்கிறாய். நான் கண்டுபிடித்ததாக இருக்க வேண்டாம், நீயே சொன்னதாக இருக்கட்டும்.

உடம்பைப் பார்த்துக்கொள். எழுது.

அம்சவேணி


திருப்பதி
6-2-2025

அன்புள்ள அக்காவுக்கு,

உடம்பு நன்றாக இருக்கிறது. மனசு இல்லை. அங்கே எல்லோரும் நலமா என்று கேட்கும் யோக்கியதை எனக்கு இல்லை, ஆனாலும் கேட்கிறேன்.

பார்த்தேன். அந்த வளைவில் அவை ரோட்டை அடைத்துக்கொண்டு நின்றன. அதில் ஒன்று அப்போதுதான் குட்டி போட்டிருந்தது. வெளிச்சம் பட்டால் மிரண்டு வண்டி மேல் பாயும், குட்டியையும் மிதித்துவிடும் என்று விளக்கை அணைத்தேன். பின்னால் போகவும் வழியில்லை, வளைவு. ரோட்டோரம் அவை முறித்துப் போட்டிருந்த கிளை ஒன்றை இழுத்து வேனுக்குப் பின்னால் போட்டேன். கூட்டத்தில் ஒன்று பின்பக்கமாகச் சுற்றி வந்து அந்தக் கிளையைத் தின்றுவிட்டது. அது முறித்த கிளை, அது எடுத்துக்கொண்டது. இதை நான் எந்த ஆபீசில் போய்ச் சொல்ல? வேனில் இருந்தவர்கள் எல்லாம் தூங்கிக்கொண்டிருந்தார்கள். மோதிய சத்தத்தில் அவர்கள் எழுந்தபோது யானைகள் சரிவில் இறங்கிவிட்டன. தூறல் வேறு. தரையில் டீசலும் உடைந்த கிரேட்டும் கிடந்தன, வேறெதையும் யாரும் பார்க்கவில்லை.

போலீஸ் ஜீப்பில் போகும்போது நாகபூஷணம் கடையில் நிறுத்தினார்கள். என் கையிலும் ஒரு டீ கொடுத்தார்கள். குடித்தேன். ஒன்றும் சொல்லவில்லை. சொன்னால் அன்று சாயங்காலமே வெடி வைப்பார்கள், கூட்டம் ஓடும், குட்டியால் ஓட முடியாது. இரண்டு நாள் போகட்டும் என்று நினைத்தேன். அவை எந்தப் பக்கம் இறங்கும் என்று நான் கண்டேனா? உன் தோட்டத்தில் வந்து இறங்கின.

விசாரணை இருபத்தேழாம் தேதி. நான் யானை என்று சொன்னால் அது ஆர்டரில் ஏறும், நாளைக்கே மாமா காதுக்கு வந்துவிடும். முதன்முதலில் டிராக்டர் சாவியை என் கையில் கொடுத்தவர் அவர். அவர் முகத்தைப் பார்க்க முடியாமல் வாழ்வதைவிட லைசென்ஸ் போனால் போகட்டும். வக்கீலம்மாவிடமும் இன்னும் சொல்லவில்லை.

என்ன பார்த்தேன் என்று கேட்காதே. பல தடவை எழுத உட்கார்ந்தேன், வரவில்லை.

கோவர்த்தனன்


மாமிடிகுண்டா
16-2-2025

தம்பி கோவர்த்தனுக்கு,

எழுதியதற்குச் சந்தோஷம். மற்றதற்கெல்லாம் கோபம். உன் கடிதத்தைப் படித்துவிட்டு நாள் முழுவதும் பாத்திரங்களைப் போட்டு உருட்டினேன். வருஷம் முழுக்க இரண்டு பேர் முதுகு ஒடிய வளர்த்த கரும்பு. ஒரு வார்த்தை, டீக்கடையில் ஒரே ஒரு வார்த்தை. உன்னை என்ன செய்தாலும் தகும் என்று நினைத்தேன்.

பிறகு நேற்று விடியற்காலை மோட்டார் போடப் போனேன். ஏரிக்கு அந்தக் கரையில் கருப்பாகத் தெரிந்தது. பாறை என்று நினைத்தேன், பாறை நகர்ந்தது. தண்ணீர் குடிக்க வந்திருந்தன. நடுவில் அது. உடம்பெல்லாம் முடி. அதற்குத் தும்பிக்கை எதற்கு என்றே தெரியவில்லை. தண்ணீரில் விட்டு ஆட்டுகிறது, வெளியே எடுக்கிறது, தானே மிதித்துக்கொள்கிறது. கடைசியில் முன்னங்காலை மடக்கிக் குனிந்து வாயாலேயே குடித்தது. மற்றவை எல்லாம் குடித்து முடித்துவிட்டு அதற்காகக் காத்துக்கொண்டு நின்றன. அத்தனை பெரிய உடம்புகள், ஒரு சத்தமில்லை. எனக்கு மேலெல்லாம் சிலிர்த்துக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

என் கையில் போன் இருந்தது. நாகபூஷணம் நம்பர் முதலாவதாக இருக்கிறது. அழுத்தவில்லை. அவை மலை ஏறி மறையும்வரை நின்றுகொண்டே இருந்துவிட்டு, மோட்டார் போடாமலேயே வீட்டுக்கு வந்தேன். இனி உன்னைத் திட்ட எனக்கு வாய் இல்லை.

விசாரணை எந்தக் கட்டடத்தில், எத்தனை மணிக்கு? சுமித்ராவிடம் போனில் கேட்டுக்கொள்கிறேன். வக்கீலம்மாவிடம் இன்றே போய் எல்லாவற்றையும் சொல். நீ பொய் சொல்லாமல் இருந்தால் போதும். பேச வேண்டியவர் பேசுவார்.

வெயில் ஏறுகிறது, மோர் குடி.

அக்கா,
அம்சவேணி


திருப்பதி
2-3-2025

அன்புள்ள அக்காவுக்கு,

நலமாக இருக்கிறேன் என்று நினைக்கிறேன். நீதானே மாமாவை அனுப்பினாய்?

நடந்ததைச் சொல்கிறேன், கேள். மாடியில் சின்ன அறை. மேசைக்கு அந்தப் பக்கம் அதிகாரி, இந்தப் பக்கம் நானும் வக்கீலம்மாவும். ஓரமாக லாரி டிரைவர் சிரஞ்சீவியும் அவன் முதலாளியும். நீ சொன்னபடி வக்கீலம்மாவிடம் எல்லாம் சொல்லியிருந்தேன். அவர் கேட்டுவிட்டு, "நான் நம்பறேன். அவர் நம்பணுமே. சாட்சி யாரு, யானையா?" என்றார். அதிகாரி என்னைப் பார்த்துத் தெலுங்கில், ஏன் நிறுத்தினாய், நேராகச் சொல் என்றார். யானை என்றேன். எத்தனையோ டிரைவர்கள் யானை மேல் பழி போட்டுப் பார்த்திருக்கிறேன் என்று சிரித்துவிட்டுப் பேனாவை எடுத்தார்.

அப்போது கதவு திறந்தது. பியூன் தோளைப் பிடித்து இழுக்க, மாமா. நெற்றி நிறைய விபூதி, கண் இரண்டும் சிவந்து கிடக்கிறது.

"சார், இவன உடாதீங்க சார்" என்றார். "இவன் என் மச்சான்தான். இருந்தாலும் சொல்றேன். ரோட்ல ஆன குட்டி போட்டுக்கினு நிக்கிது, இவன் பாத்துக்கினு நின்னுருக்கான். பாத்துட்டு நாகபூஷணம் கடைல டீய குச்சிட்டு ஊருக்கு ஒரு வார்த்த சொல்லாம பூட்டான். நாலே நாள்ல என் கரும்ப துன்னுட்டுப் பூடுச்சி. இவன் லைசன்ஸப் புடுங்குங்க சார்."

அதிகாரி, "எவரு மீரு?" என்றார், நீங்கள் யார் என்று. மாமா தெலுங்குக்கு மாறி எல்லாவற்றையும் முதலிலிருந்து சொன்னார். வக்கீலம்மா எழுந்து நின்று, ரொம்பவும் மரியாதையாக, "குட்டி இருந்ததுன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்டார். "தடம் கீதும்மா. வாய்க்கா ஓரம் காஞ்சி கெடக்குது. எம் பொண்டாட்டி காட்னா. இத்தன நாளா அது வழியா நடந்துக்கினு இருந்திருக்கேன், பாக்கல" என்றார். சட்டைப்பையிலிருந்து, சித்தூர் வனத்துறை ஆபீசில் பயிர்ச் சேதத்துக்குக் கொடுத்த மனுவின் நகலை எடுத்து மேசையில் வைத்தார். வக்கீலம்மா அதிகாரியைப் பார்த்து, "சார், எங்க தரப்பு சாட்சி வந்தாச்சு" என்றார். மாமாவுக்குப் புரியவில்லை. "நான் இவன் தரப்பு இல்லம்மா" என்றார்.

அறையில் யாரும் சிரிக்கவில்லை, அக்கா. ஏனென்றால் அப்போது சிரஞ்சீவி மூலையிலிருந்து, "அவுனு சார்", ஆமாம் சார் என்றான். முதலாளி அவன் கையைப் பிடித்தார், அவன் உதறிவிட்டான். வளைவில் ஒரு யானை நின்று கிளை தின்றுகொண்டிருந்ததாம். அதன் மேல் மோதாமல் இருக்க லாரியை ஒடித்துத் திருப்பியிருக்கிறான், என் வேனில் இடித்துவிட்டது. "ஆகு திண்டா உண்டெ சார்" என்று கையை வாய்க்குக் கொண்டுபோய்க் காட்டினான். இலை தின்றுகொண்டிருந்தது என்று அவன் சொன்ன அந்த ஒரு வார்த்தையில் எனக்கு உயிர் வந்தது. இத்தனை நாளாக நான் கனவு கண்டேனோ என்றுகூடப் பயந்துகொண்டிருந்தேன்.

அதிகாரி கண்ணாடியைக் கழற்றி வைத்தார். மாமாவை இழுக்க வந்த பியூன் கதவோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்தான். ஆர்டர் பின்னால் வரும் என்று சொல்லி அனுப்பினார்.

மாமா என்னைப் பார்க்காமலேயே படியிறங்கிப் போய்விட்டார். டீ வாங்கிக் கொடுக்கக் கூப்பிட்டேன். கூப்பிட்ட பிறகுதான் என்ன சொன்னேன் என்று உறைத்தது.

அவரைப் பார்த்துக்கொள்.

தம்பி,
கோவர்த்தனன்


மாமிடிகுண்டா
20-3-2025

அன்புத் தம்பிக்கு,

மூட்டு வலி தேவலை. நீயும் சுமித்ராவும் நிம்மதியாகத் தூங்குங்கள்.

ஆமாம், நான்தான் அனுப்பினேன். அனுப்பினேன் என்று சொல்வதும் சரியில்லை, உண்மையைச் சொன்னேன், அவர் தானாகப் போனார். கையோடு வாய்க்காலுக்குக் கூட்டிப்போய்த் தடத்தையும் காட்டினேன். நாள் பார்த்துத்தான் சொன்னேன். விசாரணைக்கு முந்தின நாள் சிவராத்திரி. எப்படியும் அன்று அவர் சாப்பிட மாட்டார், தூங்க மாட்டார். ஆகாரமும் தூக்கமும் என்னால் கெட்டது என்ற பேச்சு வராது பார். கோயிலில் விடியும்வரை உன்னைத் திட்டிக்கொண்டே இருந்தாராம், பக்கத்தில் இருந்தவர்கள் ஏதோ மந்திரம் என்று நினைத்திருக்கிறார்கள். முதல் பஸ்ஸில் கிளம்பிவிட்டார். நியாயம் கேட்கப் போகிற மனுஷன் உண்மையைத்தான் சொல்வார் என்று எனக்குத் தெரியும். இருபது வருஷமாக அவரோடு குடித்தனம் நடத்துகிறேன்.

ஆனால் சுலபம் என்று நினைக்காதே. உன் பேரை எடுத்தால் சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவைத்தார். என்னோடும் பத்து நாள் பேச்சு இல்லை. நான் ஏரிக்கரையில் பார்த்ததை இன்னும் அவரிடம் சொல்லவில்லை. ஒரு குடும்பத்துக்கு ஒரு குற்றவாளி போதும்.

நேற்று சாயங்காலம் கயிறு திரித்துக்கொண்டிருந்தார். சுவரைப் பார்த்துக்கொண்டே, "அது எழுந்து நின்னுச்சாமா?" என்றார். எது என்றேன். "ரோட்ல பொறந்துச்சே." எனக்குத் தெரியாது, உங்கள் மச்சானைக் கேளுங்கள் என்றேன். அதற்குப் பிறகு கயிற்றைத் தவிர எதையும் பார்க்கவில்லை.

இனி எனக்கு எழுதாதே. அவருக்கு எழுது.

அக்கா,
அம்சவேணி


திருப்பதி
4-4-2025

மதிப்பிற்குரிய மாமாவுக்கு,

கோவர்த்தனன் வணக்கத்துடன் எழுதுவது. உங்கள் உடம்பும் அக்கா உடம்பும் நன்றாக இருக்க வேண்டும். உகாதி முடிந்து ஆர்டர் வந்தது. எச்சரிக்கை எழுதி லைசென்ஸைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். சிரஞ்சீவிக்கும் அப்படியே. கை முறிந்த அம்மாவிடம் போய் யானையைப் பற்றிச் சொன்னேன். அவர் நல்ல கையால் என் தலையில் ஒரு குட்டு வைத்து, எங்களையும் எழுப்பியிருக்கக் கூடாதா என்று கேட்டார்.

உங்களுக்குச் செய்தது துரோகம். அதற்குச் சமாதானம் சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை. நீங்கள் கேட்டதற்கு மட்டும் பதில் எழுதுகிறேன்.

வளைவு திரும்பியதும் எதிரே ரோடே தெரியவில்லை. யானைகள் நடுவுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, வட்டமாக, வெளியே பார்த்து நின்றன. வட்டத்துக்கு நடுவில், அவற்றின் கால்களுக்கு இடையே, தார் மேல் ஈரமாக ஒன்று கிடந்தது. அந்தக் குளிரில் அதிலிருந்து ஆவி எழும்பிக்கொண்டிருந்தது. விளக்கையும் எஞ்சினையும் அணைத்தேன். எஞ்சின் நின்ற பிறகு அவற்றின் மூச்சு கேட்டது. என் வேன் கண்ணாடியே அந்த மூச்சில் லேசாக அதிர்ந்தது மாமா.

கிளையைப் போட்டுவிட்டு வந்து கதவைச் சாத்தாமல் உட்கார்ந்தேன். அரைகுறை விடியல் வெளிச்சத்தில் அது எழுந்திருக்கப் பார்த்தது. முன்னங்கால் வழுக்கியது. தூறல் பட்ட தார், நமக்கே வழுக்கும். மறுபடி எழுந்தது, பின்னங்கால் விரிந்து போய் விழுந்தது. தாய் என்ன செய்தது தெரியுமா? ரோட்டோர மண்ணைக் காலால் கிளறியது. தும்பிக்கையால் அள்ளி அதன் காலடியில் போட்டது. லாரி ஏற முடியாமல் வழுக்கும் இடத்தில் நாங்கள் மண் போடுவோமே, அதேதான். மறுபடி அள்ளிப் போட்டது. அவசரமே படவில்லை. மண் போதுமா என்று தும்பிக்கை நுனியால் தடவிப் பார்த்தது. பிறகு குட்டியின் வயிற்றுக்கடியில் காலைக் கொடுத்து நிமிர்த்தியது.

நின்றது மாமா. நாலு காலும் நாலு பக்கம் நடுங்க, நின்றது. சுற்றி நின்ற அத்தனையும் ஒரே நேரத்தில் அடித்தொண்டையில் ஒரு சத்தம் கொடுத்தன. காதால் கேட்டேனா நெஞ்சால் கேட்டேனா தெரியாது. நான் ஸ்டியரிங்கை விட்டுவிட்டுக் கையெடுத்துக் கும்பிட்டேன். எனக்குப் பின்னால் பெருமாளைச் சேவித்துவிட்டு வந்தவர்கள் எல்லாம் அயர்ந்து தூங்கிக்கொண்டிருந்தார்கள்.

அதற்குப் பிறகுதான் லாரி இடித்தது.

நாகபூஷணம் கடையில் டீயைக் கையில் வாங்கியபோது சொல்லத்தான் வாயெடுத்தேன். கம்பத்தில் பட்டாசுப் பொட்டலம் மாட்டியிருந்தது. அதைப் பார்த்ததும் எனக்கு அந்தக் காலின் நடுக்கம்தான் ஞாபகம் வந்தது. டீயைக் குடித்துவிட்டேன்.

உங்களை நேரில் வந்து பார்க்க அனுமதி கேட்கிறேன். வேண்டாம் என்றால் வரவில்லை.

உங்கள் மைத்துனன்,
கோவர்த்தனன்


மாமிடிகுண்டா
13-4-2025

கோவர்த்தனனுக்கு,

ஜெயச்சந்திரன் எழுதுவது. இங்கே நலம். உன் நலத்தை உன் அக்கா கேட்டுக்கொள்வாள்.

கடிதம் வந்தது. நான் படித்தேன். உன் அக்காவை உரக்கப் படிக்கச் சொல்லி இன்னொரு தடவை கேட்டேன். பிறகு அவள் தூங்கட்டும் என்று நானே மறுபடியும் படித்தேன்.

நீ செய்தது தப்பு. அதில் ஒரு மாற்றமும் இல்லை. ஊரில் யார் கேட்டாலும் அப்படித்தான் சொல்வேன்.

மறுபடி கரும்பு வைக்கப் போகிறேன். உழவுக்கு டிராக்டர் ஓட்ட ஆள் கிடைக்கவில்லை. உன் லைசென்ஸ்தான் வந்துவிட்டதே, ஞாயிற்றுக்கிழமை வா. சுமித்ராவையும் அழைத்து வா. வாய்க்கால் ஓரம் அந்தத் தடம் இருக்கிற இடத்தை விட்டுவிட்டு உழ வேண்டும். மிதிபடாமல் இருக்க அதைச் சுற்றி முள் போட்டுவைத்திருக்கிறேன்.

இன்னொன்று. தாய் மண்ணை அள்ளிப் போட்டது என்று எழுதியிருந்தாய். அதைப் பார்த்தவன் நானாக இருந்தாலும் நாகபூஷணம் கடையில் டீயைக் குடித்துவிட்டுப் பேசாமல்தான் வந்திருப்பேன். இதை உன் அக்காவிடம் சொல்லாதே.

ஜெயச்சந்திரன்